பின்சீட்டுக்கு வச்ச அணை

போன மாசம் என் தங்கச்சி மக ராதா வத்தலக்குண்டுலருந்து போன் போட்டா. புது கார் வாங்கப் போறாளாம். "பெரியம்மா, நீங்க முப்பது வருசமா கார் சீட் தச்சவங்க. நீங்களே சொல்லுங்க. கம்பெனியே லெதர் சீட் போட்டுக் குடுக்குற வண்டிய எடுக்கவா, இல்ல துணி சீட் வண்டிய எடுத்து வெளிய லெதர் போட்டுக்கவா?"ன்னு கேட்டா.

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு மனப்பாடம். ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். கம்பெனி லெதர்னா முழுசாத் தோல்னு நெனச்சுக்காத. ஒக்கார்ற எடத்துலயும் சாயுற எடத்துலயும் மட்டும் தோல் வச்சுட்டு, பக்கவாட்டுலயும் முதுகுலயும் தோல் மாதிரி ஷீட் போட்டிருப்பான். பல வண்டியில அதுகூட இல்ல, பூராவும் ஷீட்டுதான். ஆனா தையல் சுத்தமா இருக்கும். சீட்டுக்குப் பக்கத்துல காத்துப்பை, அதான் ஏர்பேக்கு, இருக்குற வண்டின்னா, அது வெடிச்சு வரும்போது பிரியணும்னு அந்த எடத்துல மட்டும் பலமில்லாத நூலப் போட்டுத் தச்சிருப்பான். வெளிய தைக்கிறவன் அது தெரியாம கெட்டி நூலப் போட்டான்னா பை உள்ளேயே கெடந்து செத்துரும். வெளி லெதர்ல என்ன நல்லதுன்னா புடிச்ச கலர் கெடைக்கும், பஞ்சு கூட வச்சுக்கலாம், சீட்டுக்காக மேல் மாடல் வண்டி எடுக்கணும்னு இல்ல. அப்புறம் நம்ம மலை ஈரத்துக்கு நெசத் தோல நாலு மாசம் தொடைக்காமப் போட்டா வெள்ளையாப் பூஞ்சை பூத்துரும். இதையெல்லாம் ஒண்ணொண்ணா அவளுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அப்பத்தான் அவ சொன்னா: "கொடைக்கானல் மூஞ்சிக்கல்ல நீங்க வேலை பாத்த கடையிலயே கேட்டுட்டேன் பெரியம்மா. பின்சீட்டுக்கு அணையும் வச்சுத் தர்றாங்களாம். இப்ப பின்னாடி பெல்ட் போடலன்னா வண்டி கீகீன்னு கத்துதுல்ல? அது கத்தாம இருக்க ஒரு டம்மி கிளிப்ப மாட்டி, அணைக்கு அடியிலயே அமுக்கி வச்சிருவாங்களாம்."

"ஏ அறிவுகெட்டவளே, இனிமே அணை கிணைன்னு வாயத் தொறந்தே, நான் மனுசியா இருக்க மாட்டேன்"னு கத்திப்புட்டேன். பிள்ளை பயந்துபோயி போன வச்சுட்டா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அவளுக்காகவும், இப்ப அந்தக் கடையில மெசின்ல ஒக்காந்திருக்குற பிள்ளைகளுக்காகவும்தான் இத எழுதுறேன். எழுதுனா மனசு ஆறும்னு ஒருத்தரு சொன்னாரு. ஆறாது. அது எனக்குத் தெரியும்.

நாங்க சிலோன் தேயிலைத் தோட்டத்துலருந்து திரும்பி வந்த குடும்பம். எங்க வீட்டுல இன்னமும் வேலைக்குப் போறத 'பிரட்டுக்குப் போறது'ன்னுதான் சொல்லுவோம். அங்க காலையில வரிசையா நிக்கவச்சுப் பேர் கூப்புடுறதுக்கு அதான் பேரு. அப்பா தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துல கூலி. நான் தையல் கத்துக்கிட்டு ரெண்டு வருசம் ஸ்கூல் பிள்ளைகளுக்கு யூனிபாரம் தச்சேன். அப்புறம் அந்தோணி மேஸ்திரி கடையில ஆள் கேட்டாங்கன்னு போயிச் சேந்தேன். அம்புட்டுத்தான் என் படிப்பு.

கொடைக்கானல்ல கார் சீட் கடை எதனால ஓடுதுன்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். வாந்தியால ஓடுது. வத்தலக்குண்டு தாண்டி வண்டி மலை ஏற ஆரம்பிச்சா வளைவுக்கு வளைவு ஒரு ஜன்னல் தொறக்கும். ஜன்னல் வரைக்கும் எட்டாதவங்க சீட்டுலதான் எடுப்பாங்க. துணி சீட்டுன்னா அம்புட்டுத்தான், எத்தன வாட்டி கழுவுனாலும் அந்த வாடை போகாது. அதனால டாக்சிக்காரங்க எல்லாரும் புது வண்டி வாங்குன மறுநாளே எங்ககிட்ட வந்துருவாங்க. தொடைச்சு எடுக்குற மாதிரி ரெக்சினோ லெதரோ போட்டாத்தான் இங்க பொழப்பு.

மேஸ்திரி ஒல்லியான ஆளு. பஞ்சும் பசையும் பறக்குற கடையில இஸ்திரி போட்ட வெள்ளச் சட்டையோடதான் நிப்பாரு. அதுல ஒரு கறை இருந்து நான் பாத்ததில்ல. வண்டி வந்து நின்னா மொதல்ல கதவத் தொறந்து, தலைய உள்ள விட்டு, கண்ண மூடி மோந்து பாப்பாரு. "ஏலே, நேத்து ஏத்துனது திருச்சிக்காரங்கதானே? தயிர்சாதமும் நார்த்தங்காயும்"னு சொல்லுவாரு. டிரைவர் அசந்து போவான். சத்தம் போட்டுப் பேசவே மாட்டாரு. என் தையல் கோணலாப் போச்சுன்னா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு, பிளேட எடுத்து சர்ருனு பிரிச்சு, என் மெசின் மேல போட்டுட்டு டீ குடிக்கப் போயிருவாரு. ஒரு நாள் ஒரே சீட்டோட ஓரத்துல லெதரச் சுருட்டித் தைக்கிற உருட்ட மூணு தடவ பிரிச்சாரு. "திட்டவாவது செய்யிங்களேன்"னு அழுதேன். "திட்டுனா சீட்டு நேராயிருமா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு.

பின்சீட்ட எப்படிக் கழட்டணும்னு எனக்கு அவர்தான் காட்டிக் குடுத்தாரு. முன் ஓரத்துல ரெண்டு கையையும் குடுத்து ஒரே வெட்டா மேல தூக்கணும். டொக் டொக்னு ரெண்டு கொக்கி விடும். அப்புறம் ஒக்கார்ற பலகைய முன்னால இழுத்தா கையோட வந்துரும். பழைய உறைய இரும்பு வளையம் போட்டு பஞ்சோட சேத்திருப்பான், அத ஒவ்வொண்ணா வெட்டி எடுத்து, உறையத் திருப்பிப் போட்டு, அதையே அளவா வச்சுப் புது லெதர வெட்டணும். மாட்டும்போது சூடான காத்தடிச்சு லெதர எளக்கி, சுருக்கமில்லாம இழுத்துக் கட்டணும்.

இனி அணை. அது மேஸ்திரியோட சொந்தக் கண்டுபிடிப்பு. பின்சீட்டுல ஒக்கார்ற பலகைக்கும் சாயுற பலகைக்கும் நடுவுல கை நொழையிற அளவுக்கு ஒரு இடுக்கு இருக்கும்ல? அதுவழியாத்தான் பெல்ட்ட மாட்டுற பூட்டுக மேல நீட்டிக்கிட்டு நிக்கும். ஒரு டாக்சி எத்தன தடவ கழுவியும் நாறுதுன்னு சீட்டக் கழட்டிப் பாத்தோம். அந்த இடுக்கு வழியா ஒரு சீசன் வாந்தி பூரா அடியில எறங்கிக் கெடக்கு. மேஸ்திரி வெளிய ஓடிப்போயி அவரே வாந்தி எடுத்துட்டாரு. மறுநாளு நாலு விரக்கடை அகலத்துல ஒரு லெதர்ப் பட்டைய வெட்டி, சாயுற பலகையோட அடி ஓரத்துல வச்சுத் தச்சு, ஒக்கார்ற பலகைக்கு அடியில சொருகி, இடுக்க அடைச்சாரு. சிந்துறது எல்லாம் அந்தப் பட்டையோட நின்னுரும், தொடைச்சுரலாம். டிரைவருகதான் அதுக்கு அணைன்னு பேர் வச்சாங்க. பெல்ட் பூட்டுக? அதுகள மடக்கிப் பட்டைக்கு அடியில படுக்கவச்சிருவோம். பின்னாடி யாரு பெல்ட் போட்டா? முன்னாடி இருக்குற டிரைவரே போலீசப் பாத்தாத்தான் போடுவான். "பூட்டு இடுப்புல குத்துது, நல்லவேளை மூடிட்டீங்க"ன்னு சொன்னவங்கதான் அதிகம். எத்தன வருசம்! ஒரு ஆளுகூடக் கேக்கலையே, பெல்ட் எங்கேன்னு.

கேட்ட ஒரே ஆளு ரோஸ்லின் டீச்சர்.

டீச்சருக்கு செண்பகனூர்ல வீடு, ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். வீட்டுக்காரருக்குக் கோயமுத்தூர்ல உத்தியோகம், வாரத்துக்கு ஒருக்கா வருவாரு. ஒரே மக ஜெனி, அப்ப அதுக்கு ஒம்பது வயசு. பிள்ளைக்கு ஒரு கண்ணு லேசா மாறுகண்ணு. மாசத்துக்கு ஒருக்கா மதுரைக்குக் கண் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகணும். பஸ்சுல போனா பெருமாள்மலை வர்றதுக்குள்ள வாந்தி எடுத்துக் கெறங்கிப் போயிரும். அதுக்காகவே கடன் போட்டுக் கார் வாங்குனாங்க.

வாங்குறதுக்கு முன்னாடி நாலு தடவ கடைக்கு வந்தாங்க. கையில ஒரு நோட்டு. ஒரு பக்கம் 'கம்பெனி'ன்னு எழுதியிருக்கும், எதுத்த பக்கம் 'வெளி'ன்னு. கேக்குறதையெல்லாம் அந்தந்தப் பக்கத்துல குறிச்சுக்குவாங்க. கம்பெனி லெதர் வண்டின்னா நாலு மாசம் காத்திருக்கணும்னு ஷோரூம்ல சொல்லியிருக்காங்க. அப்பயும் அவங்க மனசு கம்பெனிப் பக்கந்தான் சாஞ்சிருந்துச்சு. "கம்பெனிக்காரன் எல்லாத்தையும் யோசிச்சுத்தானே செஞ்சிருப்பான் செல்வி?"ன்னு கேட்டாங்க.

நாந்தான் மாத்தி விட்டேன். எனக்கு ரோசம். எங்க தையல விட எவனோ மெசின்ல அடிச்சது ஒசத்தியா? "டீச்சர், கம்பெனி லெதர்ல இடுக்கு தொறந்துதான் கெடக்கும். பாப்பா எடுத்தா பூரா அடியில போயிரும், வருசம் பூரா நாறும். நாங்க அணை வச்சுத் தருவோம். எந்தக் கம்பெனி தரும்?"னு பெருமையாச் சொன்னேன். பழைய வண்டி ஒண்ணக் காட்டுனேன். அவங்க இடுக்குக்குள்ள கைய விட்டுப் பாத்தாங்க, போகல. அப்பக் கேட்டாங்க, "பெல்ட் பூட்டு எங்க?"

"அது உள்ள படுத்திருக்கு டீச்சர். யாரும் போடுறதில்ல."

"ஜெனி போடும். அவளுக்குப் பெல்ட் போடாம நான் வண்டியக் கெளப்ப மாட்டேன். அந்த எடத்துல மட்டும் ஓட்டை விட்டுத் தரணும். முடியுமா, முடியாதா?"

"விட்டுட்டாப் போச்சு. இது ஒரு பெரிய காரியமா?"ன்னேன். நோட்டுல 'வெளி' பக்கத்துல 'பெல்ட் ஓட்டை – செல்வி பொறுப்பு'ன்னு எழுதி, என்னப் பாத்துச் சிரிச்சாங்க.

எங்க கடையில ஒரு பழக்கம். கழட்டுன பழைய உறையோட உள்பக்கத்துல சாக்பீசால எழுதி வைப்போம்: 'டிரைவர் சீட்டுக்குப் பஞ்சு கூட', 'கை வைக்கிற எடம் கருப்பு', இப்படி. அந்த உறைய விரிச்சு வச்சுத்தான் வெட்டப் போறோம், கண்ணுல படாமப் போகாது. டீச்சர் வண்டி வந்தப்பயும் எழுதுனேன், 'பெல்ட் ஓட்டை விடணும், பிள்ளைக்கு'ன்னு. ஆனா டீச்சர், வண்டியோட வந்த உறை புதுசுதானே, கெட்டுப்போகக் கூடாது, அப்படியே மடிச்சுக் குடுங்கன்னு கேட்டிருந்தாங்க. சரின்னு மடிச்சு ஒரு பையில போட்டு ஓரமா வச்சுட்டோம். அதே மாடல் டாக்சி ஒண்ணுக்கு வெட்டுன அட்டை அளவு கடையில தொங்குச்சு, அத எடுத்து வெட்டிட்டோம். மே மாசம், சீசன், வாசல்ல வண்டி வரிசையா நிக்குது. அந்த அட்டையில ஓட்டை ஏது? கடைசில சீட்ட உள்ள வச்சு அமுக்கும்போது, பெல்ட் பூட்டு ரெண்டையும் மடக்கிப் படுக்கவச்சது இந்த விரலுகதான். ஒரு நிமிசம் யோசிக்கல. பழக்கம்.

சாயங்காலம் டீச்சர் வந்துட்டாங்க. சீட்டத் தடவிப் பாத்து அம்புட்டுச் சந்தோசம். நான் பழைய உறைய எடுத்துக் குடுக்கப் பையத் தொறந்தேன். மடிப்பு விலகி அந்த எழுத்து தெரிஞ்சுச்சு. மேஸ்திரிய உள்ள கூப்புட்டுக் காட்டுனேன். அவரு சட்டைக் கைய மடிச்சுக்கிட்டே மெதுவாச் சொன்னாரு: "இப்பச் சொன்னா பூராவும் பிரிக்கணும். வெளிய ஆறு வண்டி நிக்குது. சீசன் முடியட்டும், நாமளே கூப்புட்டு வெட்டிக் குடுத்துரலாம். நீ ஒண்ணும் சொல்லாத."

நான் அந்த எழுத்த உள்ளங்கையால தேச்சு அழிச்சேன். பையக் கொண்டுபோயிக் குடுத்து, "எல்லாம் நீங்க சொன்னபடி இருக்கு டீச்சர்"னேன். என்னைய நம்பி வண்டியக் கெளப்பிட்டுப் போனாங்க.

எட்டாவது நாளு வெள்ளனே பிள்ளையக் கூட்டிக்கிட்டு மதுரைக்குக் கெளம்பியிருக்காங்க. அதுக்கு முந்தி ஜெனி அந்த வண்டியில ஏறல, பள்ளிக்கூடம் லீவு, வீட்டுலயேதான் இருந்துச்சு. எங்க கடை அந்த நேரத்துக்குத் தொறந்திருக்காது. ஊத்துங்கிற ஊருக்குக் கீழ ஒரு வளைவுல எதுக்க வந்த டூரிஸ்ட் வேன் கோட்டத் தாண்டி வந்திருக்கு. டீச்சர் ஒடிச்சுத் திருப்பி, பள்ளத்துப் பக்கம் போகவிடாம, மலைப் பக்கத்துச் சுவத்துல கொண்டுபோயி இடிச்சாங்க. அவங்க பெல்ட் போட்டிருந்தாங்க. தோள்பட்டையில ஒரு செவப்புத் தழும்பு, அம்புட்டுத்தான் அவங்களுக்கு. பின்னாடி இருந்த பிள்ளை ரெண்டு சீட்டுக்கும் நடுவுல பறந்து வந்து விழுந்துருச்சு. முதுகெலும்பு முறிஞ்சுபோச்சு. இன்னைக்கு வரைக்கும் இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல.

மறுநாள் மத்தியானம் மேஸ்திரி என் மெசின் பக்கத்துல வந்து நின்னாரு. மொகம் சாம்பலாப் போயிருந்துச்சு. வண்டிய இழுத்துட்டு வந்து ஒரு ஒர்க்ஷாப் வாசல்ல போட்டிருக்காங்களாம், இன்சூரன்ஸ்காரர் வந்து படம் எடுக்கப் போறாராம். "பூட்ட மூடித் தச்சது தெரிஞ்சா ரெண்டு பேரும் செயிலுக்குப் போவோம் செல்வி. நீ போயி ஓட்டையப் போட்டுட்டு வந்துரு."

மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். எனக்கு ரெண்டு பிள்ளைக, புருசன் இல்ல, அது இதுன்னு என்னென்னமோ காரணம் சொல்லலாம். பயம், அதான் காரணம். பிளேடு, ஊசி, நூல், உருட்டுக்கு ஒரு முழம் லெதர் எடுத்துக்கிட்டுப் போனேன். காருக்குள்ள விட்டுப்போன சாமான எடுக்க வந்தேன்னு ஒர்க்ஷாப்ல சொன்னேன்.

பின்கதவத் தொறந்தேன். பிள்ளை வாந்தி எடுத்திருந்துச்சு. காஞ்சு கெடந்துச்சு. அந்த அணையோட அப்படியே நின்னுருந்துச்சு, ஒரு சொட்டு உள்ள எறங்கல. நாங்க செஞ்ச வேலை அம்புட்டு நேர்த்தி. அதப் பாத்துக்கிட்டு நான் எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. அப்புறம் முந்தானையால தொடச்சேன். பட்டைய அளந்து ரெண்டு ஓட்டை வெட்டுனேன். உள்ள கைய விட்டுப் பூட்டுகள எழுப்பி நிக்கவச்சேன். வெட்டுன ஓரம் பிசிரு தெரியக் கூடாதுன்னு சுத்தி உருட்டு வச்சுக் கையால தச்சேன். அர மணி நேரம். ஒரு தையல்கூட கோணல. மேஸ்திரி பாத்திருந்தா பிரிச்சிருக்க மாட்டாரு.

படம் எடுத்தாங்க. படத்துல ஓட்டை இருக்கு, பூட்டு நிமிந்து நிக்குது. டீச்சர் ஆஸ்பத்திரியில எல்லாருகிட்டயும் சொல்லியிருக்காங்க: "நான் தேடுனேன், இடுக்குல கைய விட்டு விட்டுத் தேடுனேன், பூட்டு இல்ல. நேரமாச்சே, வர்றப்ப செல்விட்ட கேட்டுக்கலாம்னு போயிட்டேன்." வீட்டுக்காரரு அந்தப் படத்த மூஞ்சிக்கு நேரா நீட்டி, "இந்தா நிக்குது பூட்டு. பிள்ளைக்குப் பெல்ட் போட்டுவிட ஒனக்கு அர நிமிசம் இல்ல, இப்பப் பொய் வேற"ன்னு கேட்டாராம்.

ஒரு மாசம் கழிச்சு டீச்சர் கடைக்கு வந்தாங்க. சீலை ஏனோதானோன்னு கட்டியிருந்தாங்க. வாசல்லயே நின்னு கேட்டாங்க:

"செல்வி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க ஓட்டை விட்டுத்தான் தச்சீங்களா?"

மேஸ்திரி உள்ளருந்து பாத்துக்கிட்டு இருக்காரு. அந்த ஒரு நிமிசம் இருக்கே, அது எனக்கு இன்னைக்கும் முடிஞ்சபாடில்ல.

"விட்டுத்தான் தச்சேன் டீச்சர்."

"சரி. அப்ப எனக்குத்தான் கண்ணு அவிஞ்சுபோச்சு"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போனாங்க.

வீட்டுக்காரரு வைத்தியம் பாக்குறேன்னு பிள்ளையக் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போனவரு, திருப்பி அனுப்பல. பெத்தவளே பிள்ளையக் கொல்லப் பாத்தான்னு அவங்க வீட்டாளுக பேசிப்பேசி, பிள்ளையும் தாயோட பேசுறத விட்டுருச்சு. கிறிஸ்மசுக்கு ஒரு போன், அதோட சரி. மேஸ்திரி ஒரு சனிக்கிழமை மாதாகோயிலுக்குப் போயி, கூண்டுல இருக்குற சாமியார்ட்ட பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தாரு. சாமியார்ட்ட எதச் சொன்னாரோ எனக்குத் தெரியாது, அன்னைக்கு ரெண்டு இட்லி கூடச் சாப்புட்டாரு. அப்புறம் மூணு வருசத்துல மாரடைப்பு வந்து போயிச் சேந்தாரு. எனக்குப் போயிச் சொல்ல ஒரு கூண்டு இல்ல. சொல்லவும் இல்ல. அந்த விபத்துக்கப்புறம் ஆறு வருசம் நான் அந்தக் கடையிலயே இருந்தேன், அணை வச்சுக்கிட்டே இருந்தேன். யாராவது கேட்டா ஓட்டை விடுவோம்னு இருந்தேன். யாரும் கேக்கல. கண்ணு மங்கிப்போயி ஊசி கோக்க முடியலன்னுதான் வேலைய விட்டேன், மனசு கேக்கலன்னு இல்ல. அதையும் மறைக்காமச் சொல்லிர்றேன்.

ராதா போன் பண்ணுன மறுநாள் காலையில செண்பகனூருக்குப் போனேன். எட்டு வருசம் கழிச்சு டீச்சர் வாசல்ல நிக்கிறேன். டீச்சருக்குத் தலை பூரா நரைச்சுப் போச்சு. "செல்வியா? வாங்க வாங்க, குளிருது, உள்ள வாங்க"ன்னு நாற்காலியத் தொடச்சுப் போட்டாங்க. அந்த மரியாதையத்தான் என்னால தாங்க முடியல. தரையில ஒக்காந்து, சாக்பீஸ் எழுத்துலருந்து ஒர்க்ஷாப்ல தச்ச தையல் வரைக்கும் ஒண்ணு விடாமச் சொன்னேன்.

அடிப்பாங்கன்னு நெனச்சேன். அடிக்கல. எந்திரிச்சு உள்ள போயி அந்தப் படத்த எடுத்துட்டு வந்தாங்க. மடிச்ச எடமெல்லாம் நஞ்சுபோயிருந்துச்சு. ஓட்டையச் சுத்தியிருந்த உருட்டு மேல விரல வச்சு, "இது?"ன்னாங்க.

"மறுநாளு வச்சது டீச்சர். கைத்தையல்."

"அப்ப நான் தேடுனேன்ல?"

"தேடுனீங்க டீச்சர்."

"இல்ல செல்வி, நெசமாச் சொல்லுங்க. நான் தேடுனேன்ல? ஏன்னா நானே நம்பிட்டேன், நான் தேடல, பொய் சொல்றேன்னு. மாசாமாசம் பாதர்ட்ட போயி, பிள்ளைக்குப் பெல்ட் போடாத பாவின்னு அறிக்கை பண்ணிட்டு வர்றேன்."

தேடுனீங்க, தேடுனீங்கன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவங்க செய்யாத பாவத்துக்கு எட்டு வருசம் மன்னிப்புக் கேட்டிருக்காங்க. செஞ்சவ நான் மத்தியானச் சோறு தின்னுட்டுத் தூங்கியிருக்கேன்.

டீச்சர் போன எடுத்து ஜெனிக்கு அடிச்சாங்க. ரெண்டு தடவ எடுக்கல. மூணாவது தடவ எடுத்து, "என்னம்மா? க்ளாஸ் இருக்கு"ன்னு ஒரு பெரிய பொம்பளைப் பிள்ளைக் கொரல். டீச்சர் ஸ்பீக்கர்ல போட்டு என் கையில குடுத்து, "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா"ன்னாங்க. நான் யாருன்னு சொல்லி, மறுபடியும் எல்லாத்தையும் சொன்னேன். 

"அம்மா தேடுனத நான் பாத்தேன்"னுச்சு ஜெனி. "பக்கத்துல நின்னுட்டு இருந்தேன். அம்மா கைய விட்டு விட்டுப் பாத்தாங்க. ஆஸ்பத்திரியில அப்பாட்ட சொன்னேன். அப்பா படத்தக் காட்டுனாங்க, அதுல பூட்டு இருந்துச்சு. நான் பாத்தது கனவு போலன்னு நெனச்சுட்டேன்."

டீச்சர் வாயப் பொத்திக்கிட்டாங்க. என்னை மன்னிச்சுரு தாயின்னு சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை அழல, சத்தமும் போடல. கணக்கு டீச்சர் மக, நிறுத்தி நிதானமாச் சொல்லுச்சு:

"ஆன்ட்டி, நீங்க ஓட்டை விடாமத் தச்சதால எனக்குக் கால் போச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம். அந்த ஓட்டைய வெட்டாம இருந்திருந்தா எனக்கு எங்கம்மாவாவது இருந்திருப்பாங்க."